சீழ் பிடித்த புண்ணுக்கு வாக் மெசின்: வன்னியில் நோயாளியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அண்ணா 2009 இல் முள்ளந்தண்டில் காயப்பட்டவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நாரிக்குக் கீழே அவருக்கு வந்த படுக்கைப்புண் சீழ் பிடித்து உள்ளுக்குக் குடைந்து போய், கடைசியில் வாக் மெசின் (VAC, புண்ணில் ஊறுகிற நீரை உறிஞ்சி எடுக்கிற மெசின்) வைத்துத்தான் ஆறத் தொடங்கியது. அந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்காரர் ஒன்று சொல்வார், வெளிநாட்டிலிருந்து கோல் எடுக்கிற சொந்தக்காரர் இன்னொன்று சொல்வார், டொக்டரிடம் நின்று கேட்க நேரம் கிடைக்காது. நாங்கள் துண்டு துண்டாகப் பொறுக்கியதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். சீனி வருத்தக்காரரின் கால் புண்ணுக்கும், விபத்தில் சதை கிழிந்த காயத்துக்கும், ஒப்பரேசன் செய்த இடம் திறந்துகொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மெசின் வைப்பதா இல்லையா என்பதைச் சேர்ஜன்தான் முடிவெடுப்பார். அவரிடம் என்ன கேட்பது, கையில் என்ன கொண்டு போவது, வீட்டில் எதைக் கவனிப்பது என்பவைதான் நம் பக்கத்து வேலை.

1. முதலில் இது அவசரமா என்று பாருங்கள்

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவிக்கொண்டே போகிறது, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்குகிறது, ஆள் மயக்கமாகப் பேசுகிறார், தோலை அழுத்தினால் உள்ளே நொறுநொறு என்கிறது, திடீரென்று அழுகல் மணம். இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காதீர்கள். கிருமி இரத்தத்துக்குப் போய்விட்டால் மணித்தியாலக் கணக்குத்தான். 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வீடு உள்ரோட்டில் என்றால் சந்திக்கோ கோயிலடிக்கோ ஒருவரை அனுப்பி நிற்க வையுங்கள், அம்புலன்ஸ் வழி தேடி அலைவதில் நிறைய நேரம் போகும்.

முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கு இன்னொரு விஷயம். புண் நோகாது. அதனால் நோவை வைத்து ஒன்றும் கணிக்க முடியாது. காரணமில்லாத காய்ச்சல், கால் இறுக்கம் வழக்கத்தை விடக் கூடுதல், சாப்பாடு பிடிக்காமல் போவது, இவைதான் அவர்களுடைய நோவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

2. வாக் என்ன செய்யும், என்ன செய்யாது

சுத்தமாக்கிய புண்ணுக்குள் ஒரு ஸ்பொஞ்சை வைப்பார்கள். அதன் மேல் காற்றுப் போகாத மெல்லிய ஒட்டுத்தாள். தாளில் ஒரு ஓட்டை, அதில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் உறிஞ்சுகிற மெசின். பெரும்பாலும் மைனஸ் 125 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தில் ஓடும். புண்ணில் ஊறுகிற நீரை அது இழுத்துப் போத்தலில் சேர்க்கும், சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கும், விளிம்புகளை உள்நோக்கி இழுக்கும், அடியில் சிவப்பாகப் புதுச் சதை வளரத் தூண்டும்.

கிருமியைக் கொல்கிற வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அது அன்ரிபயோற்றிக்கின் வேலை, அழுகிய சதையை வெட்டி எடுக்கிற சேர்ஜனின் வேலை. "மெசின் போட்டாச்சு, இனி ஊசி தேவையில்லை" என்று வாட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி நினைத்து மருந்தை நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

எல்லோருக்கும் பலன் நிச்சயம் என்றும் இல்லை. சீனி வருத்தக்காரரின் கால் புண்ணில் ஆறுவது கூடுகிறது என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, படுக்கைப்புண்ணில் ஆதாரம் இன்னும் குறைவு. காணியை ஈடு வைத்துக் காசு புரட்ட வெளிக்கிடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. யாருக்கு வைக்கக் கூடாது

புண்ணில் கறுப்பாகக் காய்ந்த தோலோ செத்த சதையோ இருந்தால் அதை எடுக்கும் வரை வைக்கக் கூடாது. மேலே மூடிவிட்டால் சீழ் உள்ளே அடைபடும். எலும்புக்குள் கிருமி போய் அதற்கு வைத்தியம் தொடங்கவில்லை என்றாலும் கூடாது. புண்ணுக்குள் புற்று இருந்தால் கூடாது. பெரிய இரத்தக்குழாய், நரம்பு, குடல் போன்றவை வெளியே தெரிந்தால் ஸ்பொஞ் அவற்றில் நேரே படக் கூடாது. காலுக்கு இரத்த ஓட்டமே போதாது என்றால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் இளக்குகிற மருந்து எடுப்பவர்கள் தனியாகக் கவனியுங்கள். வோபரின், குளோபிடோகிரெல், அஸ்பிரின், வயிற்றில் போடுகிற எனொக்சபரின் ஊசி, இதில் எது எடுத்தாலும் சேர்ஜனிடமும், மருந்து கட்டுகிற நேர்ஸிடமும் வாயால் சொல்லுங்கள். கொப்பியில் எழுதியிருக்கிறதுதானே என்று இருக்காதீர்கள். இந்த மெசினோடு சம்பந்தப்பட்ட இரத்தப்போக்கு மரணங்கள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2009 இலும் 2011 இலும் எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றில் சில வீட்டில் வைத்து நடந்தவை.

4. மெசினுக்கு முன் நடக்க வேண்டியவை

இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் பிறகு கூடுதல் நாள் வாட்டில் கிடக்கிறார்கள். வரிசை இதுதான்.

முதலில் தியேட்டரில் செத்த சதையை வெட்டிச் சுத்தமாக்குவது. ஒரு தடவையில் முடியாமல் இரண்டு மூன்று தடவை கொண்டு போகலாம். பயப்பட வேண்டாம், புண் பெரிதாகிவிட்டதே என்று தோன்றும், செத்ததைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கிருமிப் பரிசோதனை. மேலால் பஞ்சில் துடைத்து எடுத்தால் தோலில் இருக்கிற கிருமியும் சேர்ந்து வரும். உள்ளே இருந்து ஒரு துண்டுச் சதை எடுத்து அனுப்புவது நல்லது. தியேட்டருக்குக் கொண்டு போகும்போது "கல்ச்சருக்கு ரிஷ்யூ எடுக்கிறீங்களா டொக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். வந்த முடிவை நீங்களே கேட்டு எடுத்து வாட்டு டொக்டரிடம் காட்டுங்கள். லாப்பில் தாள் வந்து கிடக்க, வாட்டில் பழைய மருந்தே ஏறிக்கொண்டிருந்ததை ஓரிடத்தில் பார்த்தோம்.

மூன்றாவது எலும்பு. எலும்பில் கிருமி போனது முதல் இரண்டு வாரத்துக்குள் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரே நல்லது என்று வந்து, புண் மட்டும் ஆறாமல் இருந்தால் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐ (காந்தத்தால் எடுக்கிற ஸ்கான்) எழுதினால், உடம்பில் ஷெல் (எறிகணை) துண்டோ, இரும்போ இருப்பதை முன்னரே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இது நிறையப் பேருக்கு இருக்கிறது, பழகிப்போனதால் சொல்ல மறந்துவிடுவார்கள்.

நான்காவது, கால் புண் என்றால் இரத்த ஓட்டம். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவார்கள், அல்லது டொப்ளர் ஸ்கான். சீனி வருத்தக்காரருக்கு நாடி கடினமாகி இருப்பதால் கணுக்கால் பிரஷர் உள்ளதை விடக் கூடுதலாகப் பொய்யாகக் காட்டலாம், அதனால் ஸ்கானையும் கேட்டுப் பாருங்கள்.

இவற்றோடு இரத்தத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனி அளவு), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), ஹீமோகுளோபின், கிரியற்றினின் (சிறுநீரகத்துக்கு), அல்புமின் (இரத்தத்தில் உள்ள புரதம்). அல்புமின் குறைவென்றால் எந்த மெசின் வைத்தும் சதை வளர்வது கஷ்டம்.

5. பைல்

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்கி இவற்றை இந்த வரிசையிலேயே போடுங்கள்: அடையாள அட்டைப் போட்டோகொப்பி, கிளினிக் கொப்பி, பழைய டயக்னோசிஸ் காட்கள் (வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரி எழுதித் தருகிறவை) எல்லாம், இப்போது எடுக்கிற மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாள், ஒவ்வாத மருந்து, கல்ச்சர் முடிவு, இரத்தப் பரிசோதனைகள், எக்ஸ்ரே, ட்ரான்ஸ்பர் கடிதம். ஏற்பூசி எப்போது போட்டது என்பதையும் எழுதுங்கள்.

எக்ஸ்ரே படத்தை ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டால் வெளிச்சத்தில் பிடித்து போனில் ஒரு போட்டோ. டயக்னோசிஸ் காட்டையும் அப்படியே எடுத்து வீட்டில் இரண்டு பேரின் போனில் வையுங்கள். மழைக்குப் பஸ்ஸில் போகும்போது நனைந்து மை ஊறிய காட் ஒன்றை எந்த டொக்டராலும் வாசிக்க முடியாது.

புண்ணின் போட்டோ மிகவும் உதவும். பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டம் ஒன்றை வைத்து, ஒரே தூரத்தில், மருந்து மாற்றுகிற ஒவ்வொரு முறையும் நேர்ஸிடம் கேட்டுவிட்டு எடுங்கள். இடம் மாறிப் போனால் புது டொக்டருக்கு ஒரு நிமிடத்தில் கதை விளங்கும்.

வன்னியில் இன்னொரு பிரச்சினை பாஷை. வாட்டில் இருக்கிற டொக்டரோ நேர்ஸோ தமிழ் தெரியாதவராக இருக்கலாம். தமிழும் சிங்களமும் தெரிந்த ஒருவரைக் கொண்டு, "இரத்தம் இளக்கும் மருந்து எடுக்கிறார்", "இடுப்புக்குக் கீழ் உணர்வில்லை", "இந்த மருந்து ஒவ்வாது" என்ற மூன்று வரியை எழுதி பைலின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். இரவில் நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரம் அந்தத் தாள் பேசும்.

6. எங்கே போவது

கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுவார்கள், வாக் எதிர்பார்க்க முடியாது. மல்லாவி, மாங்குளம், புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே காட்டி, சேர்ஜன் இருக்கிற இடத்துக்குக் கடிதம் எடுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகள்தான் அடுத்த படி. அதற்கு மேல் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. கடிதமில்லாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பார்ப்பார்கள், ஆனால் வரிசையில் பின்னுக்கு நின்று பழைய கதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல வேண்டி வரும்.

வெளிக்கிடுவதற்கு முன் அனுப்புகிற டொக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "அங்கே மெசின் இப்போது ஓய்வாக இருக்கிறதா, கோல் எடுத்துக் கேட்க முடியுமா?" மெசின் ஒன்றோ இரண்டோதான் இருக்கும் இடத்தில் அது இன்னொரு நோயாளியோடு இருந்தால் நீங்கள் போய்க் கட்டிலில் படுத்திருப்பதுதான் மிச்சம்.

சில வாட்டுகளில் கம்பனி மெசின் இல்லாமல், கிருமி நீக்கிய ஸ்பொஞ், சாதாரண உறிஞ்சு குழாய், தியேட்டரில் பாவிக்கிற ஒட்டுத்தாள், சுவரில் இருக்கிற சக்சன், இவற்றை வைத்தே செய்துவிடுவார்கள். இதைக் குறைவான வைத்தியம் என்று நினைத்து ஆளை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். வேலை செய்கிற விதம் ஒன்றுதான். சுவரோடு கட்டுண்டு கிடக்க வேண்டும், அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், கசிந்தால் கூப்பிட அலாரம் இல்லை. அதனால் பக்கத்தில் இருப்பவரின் கவனம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

7. செலவு

அரச ஆஸ்பத்திரியில் டொக்டர், தியேட்டர், கட்டில், சாப்பாடு எல்லாம் இலவசம். காசு போகிற இடம் வேறு. ஸ்பொஞ், ஒட்டுத்தாள், போத்தல் கையிருப்பில் இல்லாதபோது வெளியே வாங்கித் தரச் சொல்வார்கள். அப்போது வாய்ப்பேச்சை நம்பிக் கடைக்குப் போகாமல், ஸ்பொஞ்சின் அளவு, எத்தனை, எந்த மெசினுக்குரிய போத்தல் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு கம்பனியின் போத்தல் இன்னொரு கம்பனியின் மெசினில் பூட்டாது. உடைத்த பக்கற்றைக் கடை திருப்பி எடுக்காது.

கணக்கை இப்படிப் போடுங்கள். சாதாரணமாக வாரத்துக்கு மூன்று தடவை மாற்றுவார்கள். இரண்டு வாரம் என்றால் ஆறு செற், நான்கு வாரம் என்றால் பன்னிரண்டு. போத்தல் நிறைந்தால் மாற்ற வேண்டும், நிறையாவிட்டாலும் வாரத்துக்கு ஒன்று. இந்த எண்ணிக்கையைக் கடைக்காரர் சொல்கிற ஒரு செற் விலையால் பெருக்கிப் பாருங்கள். முழுத் தொகை தெரியாமல் முதல் செற்றை வாங்கிவிட்டு, பாதியில் காசு முடிந்து நிறுத்தினவர்கள் இருக்கிறார்கள். அது தொடங்காமல் விட்டதை விடக் கவலை.

மெசினை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கேட்க வேண்டியவை: நாள் வாடகையா வார வாடகையா, முற்பணம் எவ்வளவு, திருப்பித் தருவார்களா, பழுதானால் அன்றைய வாடகை கழியுமா, மாற்று மெசின் எத்தனை மணித்தியாலத்தில் வரும், கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டு விடுவார்களா, பற்றரி எத்தனை மணித்தியாலம் நிற்கும். எல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் மருந்து மாற்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் சேர்ஜன் காசு, தியேட்டர் காசு, சாமான் காசு தனித்தனியாக வரும், மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒருவரும் கணக்கில் எடுக்காத செலவு துணைக்கு நிற்பவருடையது. கூலிக்குப் போகிற ஆள் ஒரு மாதம் வாட்டில் நின்றால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்று முதலே யோசித்து, சகோதரங்களுக்குள் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

உதவி தேடுகிறவர்கள் கிராம சேவகரின் கடிதம், டயக்னோசிஸ் காட், சேர்ஜன் எழுதிய சாமான் பட்டியல், கடையில் எடுத்த விலைப்பட்டியல் நான்கையும் கொண்டு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வீட்டில் யாரும் அரச உத்தியோகத்தர் என்றால் அக்ரஹார காப்புறுதியில் கிடைக்குமா என்று பாருங்கள், மூல பில் வேண்டும். வெளிநாட்டு உறவுகளிடமோ ஊர்ச் சங்கத்திடமோ கேட்பதாக இருந்தாலும் இதே நான்கு தாளையும் அனுப்புங்கள். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் சங்கடம் இல்லை.

8. வைக்கிற நாள்

உணர்வு இருக்கிறவர்களுக்கு அரை மணித்தியாலம் முன்பே நோ மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கு, உணர்வில்லாத இடத்தைத் தொட்டால் கூடத் திடீரென்று பிரஷர் ஏறித் தலை இடித்து வியர்க்கலாம். அது ஆபத்து. தலையிடி என்று சொன்னவுடன் நிறுத்தி நிமிர்த்தி இருத்த வேண்டும். இதை முன்கூட்டியே நேர்ஸிடம் சொல்லி வையுங்கள்.

பக்கத்தில் நிற்க விட்டால் இவற்றைக் கவனியுங்கள். ஸ்பொஞ்சைப் புண்ணுக்கு மேலே பிடித்து வெட்டக் கூடாது, தூள் உள்ளே விழும். ஸ்பொஞ் நல்ல தோலில் படக் கூடாது, படுகிற இடம் வெந்துபோகும். சுற்றுத் தோல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரத் தோலில் தாள் ஒட்டாது. உள்ளே எத்தனை துண்டு வைத்தார்கள் என்பதை ஒட்டுத்தாளின் மேல் பேனாவால் எழுத வேண்டும், திகதியோடு. எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள். குடைந்த புண்ணில் ஒரு சின்னத் துண்டு உள்ளேயே தங்கி அதிலிருந்து திருப்பிச் சீழ் பிடிப்பது நடக்கிற விஷயம்.

மெசினைப் போட்டவுடன் ஸ்பொஞ் வெயிலில் காய்ந்த வத்தல் போலச் சுருங்கி இறுக வேண்டும். சுருங்கவில்லை, தொட்டால் மெத்தென்று இருக்கிறது என்றால் எங்கோ காற்றுப் போகிறது.

நாரிப் புண்ணில் இரண்டு தொல்லை. ஒன்று, குழாய் பொருத்துகிற வட்டம் எலும்புக்கு மேல் வந்தால் அதன் மேலே படுத்து இன்னொரு புண் வரும். ஸ்பொஞ்சை ஒரு பட்டியாக இடுப்பின் பக்கவாட்டுக்கு நீட்டி அங்கே குழாயைப் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள், அதன் கீழ் உள்ள நல்ல தோலுக்கு முதலில் தாள் ஒட்டிவிட்டுத்தான் பட்டி வைக்க வேண்டும். மற்றது மலம். கீழ் விளிம்பு எப்போதும் அங்கேதான் கிளம்பும். வயிற்றுக்குப் போகிற நேரத்தை மருந்து மாற்றுவதற்கு முன்னுக்கு வருகிற மாதிரி ஒழுங்குபடுத்திக்கொண்டதுதான் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. ஸ்ரோமாவுக்கு (வயிற்றில் மலப்பை பொருத்துகிற துவாரம்) பாவிக்கிற பசையைக் கீழ் மடிப்பில் பூசினால் தாள் நின்று பிடிக்கும்.

9. மெசின் ஓடுகிற நாட்கள்

ஒரு நாளில் 22 மணித்தியாலம் ஓட வேண்டும். மொத்தமாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றுவிட்டால் ஸ்பொஞ்சை அப்படியே உள்ளே விடக் கூடாது. உறிஞ்சாத ஸ்பொஞ் சீழுக்குள் ஊறிக் கிடக்கும். கழற்றி, சேலைனில் நனைத்த கோஸ் துணி வைத்துக் கட்ட வேண்டும். வாட்டில் என்றால் நேர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் வைத்திருக்கிறவர்கள் இதை யார் செய்வது என்று முதலே பேசி, சேலைனும் கோஸும் ஒரு பெட்டியில் வைத்திருக்க வேண்டும்.

கரண்ட் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். மாரி மழைக்கு மரம் விழுந்தால் எப்போது வருமென்று சொல்ல முடியாது. மெசின் எந்நேரமும் சார்ஜில் இருக்கட்டும். பற்றரி முடிய முன் போய்ப் போடக்கூடிய இடம் ஒன்றை, ஜெனரேற்றர் உள்ள கடையோ சோலர் உள்ள வீடோ, முதலே கேட்டு வையுங்கள். வீட்டு நிலைமை இதற்கு இடம் கொடுக்காவிட்டால் "வீட்டுக்குக் கொண்டு போங்கோ" என்று சொன்னாலும் வாட்டில் இருக்கவே கேளுங்கள். காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்கள்.

கசிவு வந்தால் உஸ் என்று மெல்லிய சத்தம் கேட்கும். விளிம்பு முழுவதும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள், சத்தம் நிற்கிற இடத்தில் மேலதிகத் தாள் ஒரு துண்டு ஒட்டுங்கள். தாளுக்கு மேல் தாள் அடுக்கிக்கொண்டே போகாதீர்கள், தோல் வேகும். சித்திரை வெயிலில் வியர்வைக்குத் தாள் கழன்றுகொண்டே இருக்கும், பான் ஒன்று அந்தப் பக்கம் திருப்பி வைத்தால் கொஞ்சம் குறையும்.

குழாய் மடியக் கூடாது. நுளம்பு வலைக்குள் படுக்கிறவர்கள் வலையை மெத்தைக்குக் கீழே செருகும்போது குழாயையும் சேர்த்து நசித்துவிடுவார்கள். அலாரம் அடிக்கும் வரை தெரியாது. போத்தல் புண்ணை விடத் தாழ்வாக இருக்கட்டும்.

போத்தலில் நீரின் நிறத்தைக் காலை மாலை பாருங்கள். வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சரி. திடீரென்று பச்சை, திடீரென்று மணம், அளவு சட்டென்று கூடுகிறது என்றால் அன்றே சொல்லுங்கள். கடுஞ்சிவப்பு இரத்தம் குழாயில் ஓடினால் உடனே மெசினை நிறுத்துங்கள், கட்டைக் கழற்றாமல் அதன் மேலே அழுத்திப் பிடியுங்கள், 1990 க்கு அடியுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், பெரிய பிள்ளைகளுக்கும், நிறுத்துகிற பட்டனைக் காட்டி வையுங்கள்.

10. மாற்றுகிற நாள்

48 இலிருந்து 72 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. கிருமி உள்ள புண்ணை இன்னும் அடிக்கடி, சிலவேளை தினமும் திறந்து பார்ப்பார்கள். மூன்று நாளைத் தாண்டினால் புதுச் சதை ஸ்பொஞ்சுக்குள் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது இரத்தம் வரும், நோவும் தாங்காது. ஒட்டியிருந்தால் சேலைனை ஊற்றி ஒரு கால் மணித்தியாலமாவது ஊற விடச் சொல்லுங்கள். அவசர அவசரமாக இழுக்க விடாதீர்கள்.

இதில் விழுகிற பொறி லீவு நாள். வியாழன் மாற்றி, ஞாயிறு மாற்ற வேண்டிய ஆள் இல்லை, திங்கள் போயா, செவ்வாய்தான் கட்டுவார்கள் என்றால் ஐந்து நாள். தொடங்கும்போதே திங்கள், புதன், வெள்ளி என்று கேட்டு வாங்குங்கள். கலண்டரில் அந்த மாதத்துப் போயா, பொங்கல், வருடப்பிறப்பு எல்லாம் பார்த்து, அந்த வாரத்துக்கு மட்டும் யார் மாற்றுவார் என்று பெயர் கேட்டு எழுதி வையுங்கள்.

வெளியே எடுக்கிற துண்டுகளை எண்ணுங்கள். தாளில் எழுதிய எண்ணும் கையில் வந்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

11. சாப்பாடு, சீனி, பாரம்

போத்தலில் போகிற நீரோடு புரதமும் போகிறது. முட்டை, மீன், பருப்பு, கடலை, பால், முடிந்தது எதுவோ தினமும் இரண்டு நேரமாவது. புண்காரருக்கு மீன் ஆகாது, முட்டை சீழ் வைக்கும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு வெறும் கஞ்சியோடு வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனி கட்டுப்பாட்டில் இல்லாமல் சதை வளராது. இன்சுலின் தொடங்கச் சொன்னால் மறுக்காதீர்கள். பீடி சிகரெட் அந்த மாதங்களில் கட்டாயம் கூடாது.

பாரம் படுகிற புண் பாரத்தை எடுத்தால்தான் ஆறும். நாரிப் புண்காரரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்புங்கள், இரவிலும். கால் புண்காரர் கொல்லைக்குத்தானே என்று மெசினையும் தூக்கிக்கொண்டு மிதித்து நடந்தால் இத்தனை செலவும் போய்விடும். மடு மாதா கோயில், வற்றாப்பளை அம்மன் கோயில் நேர்த்தி இருந்தாலும் வெறுங்காலோடு அந்தச் சூட்டு மணலில் நடப்பதைக் கால் முழுதாக ஆறிய பிறகும் விட்டுவிடுங்கள், காலில் உணர்வு குறைந்தவர்களுக்கு வெந்ததே தெரியாது.

12. எப்போது நிறுத்துவது

அடி முழுவதும் சிவப்பாக, ஈரமாக, சின்னச் சின்னக் குமிழ் போலச் சதை வளர்ந்து ஆழம் குறைந்தால் வேலை நடக்கிறது. இரண்டு வாரத்தில் போட்டோவை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றமே இல்லை என்றால் இன்னொரு செற் வாங்க முன் சேர்ஜனிடம் கேளுங்கள்: எலும்பில் கிருமியா, இரத்த ஓட்டம் குறைவா, பாரம் எடுபடவில்லையா, உள்ளே ஏதும் தங்கியிருக்கிறதா. காரணம் இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

தோல் முழுதாக மூடும் வரை மெசின் ஓட வேண்டியதில்லை. சதை மட்டத்துக்கு வந்தவுடன் சாதாரண மருந்துக்கு மாற்றுவார்கள், அல்லது தொடையில் தோல் எடுத்து ஒட்டுவார்கள். நாரிப் புண்ணுக்குப் பக்கத்துச் சதையைத் திருப்பி மூடவும் கூடும். தோல் ஒட்டினால் அதன் மேல் சில நாள் திருப்பி வாக் வைப்பது வழக்கம், புண் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் செய்து) வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் காட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: வாக் வைத்த திகதி, எடுத்த திகதி, கடைசிக் கல்ச்சரில் வந்த கிருமி, எந்த அன்ரிபயோற்றிக் எத்தனை நாள், அடுத்த கிளினிக் நாள். இல்லாததை அங்கேயே நின்று எழுதுவியுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு எடுப்பது கஷ்டம். வாடகை மெசினை ஒப்படைக்கும்போது வயரும் சார்ஜரும் பையும் எண்ணிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, முற்பணத்தை அன்றே கேளுங்கள். உடைக்காமல் மிஞ்சிய ஸ்பொஞ் பக்கற்றுகளைத் திகதி பார்த்து, வைத்தியம் பார்த்த வாட்டுத் தாதியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த கட்டிலில் ஒருவருக்கு அது தேவையாக இருக்கும்.